பழைய கார் ஏசியும் பறக்கிற ஆசையும்

பழைய சாமானைக் கழற்றிப் பாவிக்கிறதெண்டால் கஞ்சத்தனம், இல்லாட்டி வறுமை எண்டுதான் எங்களில பலர் நினைக்கிறம். அந்த நினைப்பைக் கொஞ்சம் அசைத்துப் பார்ப்போம்.

அமெரிக்காவில் வீட்டுக் கராஜுக்குள் விமானம் கட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். 1953 இல் மில்வாக்கியில் தொடங்கிய ஈ.ஏ.ஏ. சங்கம் இப்படியானவர்களுக்காகவே உருவானது. விமானத்தின் பெரும்பகுதியைத் தாங்களே, கற்றுக்கொள்ளவோ பொழுதுபோக்காகவோ கட்டியிருந்தால், பரிசோதனை வகையில் பறக்க அனுமதி கிடைக்கும்.

வழக்கமான சிறிய விமான எஞ்சின் காற்றாலேயே குளிரும். ஆனால் விலை கூட. அதனால் சிலர் மஸ்டா ரோட்டரி, சுபாரு போன்ற கார் எஞ்சின்களைப் பூட்டுகிறார்கள். இவற்றுக்குத் தண்ணீர் வேணும், றேடியேற்றர் வேணும். கார் றேடியேற்றரோ அகலமானது, மெல்லியது. ஒடுக்கமான விமான மூக்குக்குள் அதை எங்கே வைக்கிறது?

இந்த இடத்தில்தான் கார் உடைக்கிற இடங்கள் கைகொடுத்தன. ஜெனரல் மோட்டர்ஸ் கார்களின் ஏசியில் இருக்கும் எவாப்பரேற்றரைக் கழற்றி றேடியேற்றராக்கினார்கள். அது சின்னது, தடிப்பானது, அலுமினியத்தால் ஆனது. ஏசி வாயுவின் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதால், றேடியேற்றரில் வரும் அழுத்தம் அதுக்கு ஒரு பொருட்டே இல்லை.

சும்மா கழற்றிப் பூட்டினால் சரியோ? இல்லை. அதன் குழாய் வாய் ஒடுக்கம்; வெட்டிப் பெரிய வாய் ஒட்டவேணும். உள்ளே இருக்கும் பழைய எண்ணெயைக் கழுவவேணும். எவாப்பரேற்றர் எப்பவும் ஈரத்தில் கிடந்தது, வெளியால் அரித்திருக்கலாம். அதனால் அழுத்தம் ஏற்றிச் சோதிக்கவேணும். வாயுவைக் காற்றில் திறந்துவிடுவது அங்கே குற்றம். பழைய ஆர்-12 ஓசோனைத் தின்னும். பிறகு வந்த ஆர்-134ஏ, காபனீரொட்சைட்டைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். காசு மிச்சம் பிடிக்கிறம் எண்டு அதை ஊருக்குச் செலவாக்கக் கூடாது.

விமானம் மேலே ஏறும்போதுதான் எஞ்சின் முழுப்பலத்தில் ஓடும். வேகமோ குறைவு, உள்ளே போகிற காற்றும் குறைவு. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் ஒழுகினால், காரைப்போல ஓரங்கட்ட ஏலாது.

ஆகவே எங்கட கட்சி இதுதான்: சோதித்து உறுதிசெய்யக்கூடியதைப் பழசில எடுப்போம், இறப்பர்க் குழாய், வொஷர் போல உள்ளே என்ன நடக்குது எண்டு தெரியாததைப் புதுசாகவே வாங்குவோம். இந்தப் பிரிப்புத் தெரியாதவர் செய்வது மீள்பாவனை இல்லை, சூதாட்டம்.

பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினதையும், சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டதையும் எங்கட வீடுகளில் இப்பவும் கதைப்பினம். அதை இல்லாமைக் கதையாக மட்டும் கேட்டு வளர்ந்தோம். ஒரு பொருள் எப்படி வேலை செய்யுது எண்டு விளங்கின ஆட்களின் கதையாகவும் இனிக் கேட்போம்.