ஆட ஒரு ராத்திரி, கேட்க ஒரு ராத்திரி: டிரினிடாட் கார்னிவலில் கலிப்சோ ஷோவை ஏன் தவறவிடக் கூடாது?

டிரினிடாட் கார்னிவல்னு மொபைலில் தேடினால் திரும்பத் திரும்ப வருவது ஒரே காட்சிதான். இறகு வைத்த உடைகள், லாரி மேல் மலை போல் ஸ்பீக்கர்கள், தெரு முழுக்க ஆட்டம். பின்னணியில் ஓடுவது சோகா இசை. பார்த்ததும் "ஒரு தடவையாவது போகணும்" என்று தோன்றும். தோன்றுவதில் தப்பே இல்லை.

ஆனால், அதே ஊரில் அதே வாரத்தில் இன்னொரு ஷோவும் நடக்கும். அங்கே கூட்டம் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்கும். பிடித்தால் கத்தும், பிடிக்காவிட்டால் மேடையில் இருப்பவர் முகத்துக்கு நேராகவே காட்டிவிடும். அதுதான் கலிப்சோ ஷோ. ரீல்ஸில் அது அவ்வளவாக வராது. கார்னிவலுக்குப் போகிறவர் முதலில் டிக்கெட் எடுக்க வேண்டியது அதற்குத்தான். ஏன்?

முதலில், கார்னிவல் சீசன் என்றால் என்ன?

கிறிஸ்தவர்களின் தவக்காலம் சாம்பல் புதனன்று தொடங்கும். அதற்கு முந்தைய திங்களும் செவ்வாயும்தான் கார்னிவல். ஈஸ்டர் தேதியைப் பொறுத்து இது மாறும். 2024-ல் பிப்ரவரி 12, 13. 2025-ல் மார்ச் 3, 4.

தெருவில் ஆட்டம் இரண்டு நாள்தான். ஆனால் கிறிஸ்துமஸ் முடிந்ததுமே சீசன் சூடுபிடித்துவிடும். புதுப் பாட்டுகள், போட்டிகள், பார்ட்டிகள் என்று வாரக்கணக்கில் போகும். லைவ் ஷோக்கள் எல்லாம் இந்த இடைவெளியில்தான்.

கலிப்சோ கூடாரத்தில் என்ன நடக்கும்?

கலிப்சோ நடக்கும் இடத்துக்கு 'டென்ட்', அதாவது கூடாரம் என்று பெயர். ஒரு காலத்தில் மூங்கில் நட்டு ஓலை வேய்ந்த கொட்டகைகளில் நடந்ததால் வந்த பெயர். இப்போது பெரும்பாலும் அரங்கங்களில்தான் நடக்கிறது. பெயர் மட்டும் மாறவில்லை.

மேடையில் டிரம்பெட், சாக்ஸஃபோன் எல்லாம் சேர்ந்த பேண்ட், பக்கத்தில் கோரஸ் பாடுபவர்கள், நடுவில் ஜோக் அடித்துக்கொண்டே நிகழ்ச்சியை நடத்தும் தொகுப்பாளர். ஒருவர் பின் ஒருவராகப் பாடகர்கள் வருவார்கள். விலைவாசி, ஊழல், போலீஸ், பிரதமர், பக்கத்து வீட்டுச் சண்டை... எதுவும் தப்பாது. 'பிக்காங்' என்று சொல்லப்படும் கிண்டல்தான் இதன் உயிர். 'எக்ஸ்டெம்போ' போட்டியில் தலைப்பு அந்த இடத்தில்தான் கொடுக்கப்படும். எதிராளியை வாரிக்கொண்டே, எதுகை தவறாமல், அங்கேயே பாட்டுக் கட்ட வேண்டும்.

கூட்டம் சும்மா வேடிக்கை பார்க்காது. பாட்டு பிடித்தால் "கைசோ! கைசோ!" என்ற குரல் எழும். கைசோ என்பது கலிப்சோவின் பழைய பெயர். அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. பிடிக்காவிட்டால்? நாட்டின் தெற்கே சான் ஃபெர்னாண்டோவின் ஸ்கின்னர் பார்க்கில் நடக்கும் அரையிறுதிச் சுற்றுக்கு ரசிகர்கள் டாய்லெட் பேப்பர் கொண்டு போவது பிரபலம். பாட்டு சொதப்பினால் அதைத் தூக்கி ஆட்டுவார்கள். கமென்ட் பாக்ஸ் எல்லாம் வருவதற்கு முன்பிருந்தே அங்கே லைவ் கமென்ட் இருக்கிறது.

இதில் அப்படி என்ன முக்கியம்?

இந்தப் பாட்டை அதிகாரத்தில் இருந்தவர்கள் பல முறை அடக்கப் பார்த்திருக்கிறார்கள். 1881-ல் கார்னிவல் தீப்பந்த ஊர்வலத்தைத் தடுக்க வந்த பிரிட்டிஷ் காலனி போலீஸுக்கும், அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட ஆப்பிரிக்க வம்சாவளி மக்களுக்கும் மோதல் நடந்தது. 1884-ல் பறை கொட்டுவதைக் கட்டுப்படுத்திச் சட்டம் வந்தது. மக்கள் மூங்கிலை வெட்டித் தரையில் தட்டித் தாளம் போட்டார்கள். பின்னாளில் தகர டப்பாவும் எண்ணெய் பீப்பாயும் ஸ்டீல்பேன் ஆனது. 1934-ல் வந்த இன்னொரு சட்டம், கலிப்சோ வரிகளையே தணிக்கைக்குள் கொண்டுவந்தது. நேராகச் சொல்ல முடியாததை இரட்டை அர்த்தத்தில் சொல்லும் கலை அந்த நெருக்கடியில் இன்னும் கூர்மையானது.

இன்றும் அந்தக் கூர்மை போகவில்லை. 2017-ல் கலிப்சோ மோனார்க் பட்டத்தை வென்றவர் சாக்டஸ்ட். ஆசிரியராக வேலை பார்த்தவர். கரும்பலகைச் சாக்பீஸ் தூள்தான் அவர் மேடைப் பெயர். எண்கணிதப் பாடம் போலத் தொடங்கி, குழந்தைத் திருமணத்தைக் கிழித்துத் தொங்கவிட்ட பாட்டு அது. அப்போது அந்த நாட்டில் மதத்தைப் பொறுத்து 12, 14 வயதுச் சிறுமிகளின் திருமணத்துக்கும் சட்டத்தில் இடம் இருந்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் திருமண வயதை 18 ஆக்கியது. ஒரு பாட்டால்தான் சட்டம் மாறியது என்று சொன்னால் அது மிகை. ஆனால், நாடாளுமன்றத்தில் நடந்த விவாதம் அதே மாதங்களில் கார்னிவல் மேடையிலும் நடந்தது. அப்படி ஒரு மேடை எத்தனை நாடுகளில் இருக்கிறது?

அப்போ சோகா வெறும் ஆட்டமா?

இல்லை. அதன் பிறப்பே சுவாரஸ்யமானது. 1970-களின் தொடக்கத்தில், ரெகே இசை வந்ததும் கலிப்சோ செத்துவிடும் என்ற பேச்சு இருந்தது. அதைக் காப்பாற்றக் கிளம்பியவர் லார்ட் ஷார்ட்டி. ஆப்பிரிக்க வம்சாவளிப் பாடகர். இந்திய வம்சாவளியினர் நிறைந்த லெங்குவா கிராமத்தில் வளர்ந்தவர்.

1845 முதல் 1917 வரை 1.4 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக டிரினிடாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலானோர் கல்கத்தாவிலிருந்து கப்பல் ஏறியவர்கள், ஒரு பகுதியினர் மெட்ராஸிலிருந்து. அவர்களுடைய டோலக் தாளத்தைக் கலிப்சோவுக்குள் கொண்டுவந்தார் ஷார்ட்டி. 1973-ல் 'இந்திராணி' வந்தது. அடுத்த ஆண்டு 'எண்ட்லெஸ் வைப்ரேஷன்ஸ்' பாட்டில் இந்தியக் கருவிகளை எடுத்துவிட்டு, அந்தத் தாளத்தைக் கிட்டாரிலும் டிரம்ஸிலும் ஏற்றினார். அதுதான் சோகா. 1987-ல் த்ரூபதி ராம்கூனாய் என்ற பெண் பாடகர் 'சட்னி சோகா'வைப் பாடி, அந்தப் பெயரையே பிரபலமாக்கினார்.

சோகா ஷோவுக்கு உள்ளூர்ப் பெயர் 'ஃபெட்'. உட்கார நாற்காலி தேடினால் கிடைக்காது. பாடகர் கையைத் தூக்கு என்றால் மைதானமே தூக்கும், குதி என்றால் குதிக்கும். கொடி, துண்டு, கைக்குட்டை எல்லாம் காற்றில் சுழலும். முன்பின் தெரியாத ஆயிரம் பேர் ஒரே தாளத்தில் அசைவது சாதாரண அனுபவம் இல்லை. அதைக் குறைத்துப் பேசுவது அநியாயம்.

ஆனால் ஒரு விஷயம். சோகாவை உருவாக்கிய ஷார்ட்டியே பின்னாளில், அது வெறும் பார்ட்டிப் பாட்டாகச் சுருங்கியதைப் பார்த்து வருத்தப்பட்டார். பெயரை ராஸ் ஷார்ட்டி ஐ என மாற்றிக்கொண்டு ஆன்மிகப் பாட்டுப் பக்கம் போனார்.

கலிப்சோவைக் கொன்றது சோகாவா?

அப்படிச் சொல்வது ஈசி. உண்மை கொஞ்சம் சிக்கலானது. கூடாரங்கள் குறைந்துகொண்டே வருகின்றன, ரசிகர்களுக்கு வயதாகிறது, அரசு உதவி இல்லாமல் நடத்துவது கஷ்டம். ஃபெட்டுக்குப் பல நூறு டிரினிடாட் டாலர் கொடுக்க இளைஞர்கள் தயார், அதைவிட மலிவான கூடார டிக்கெட்டுக்குத் தயங்குகிறார்கள். இதில் கலிப்சோவின் தப்பும் இருக்கிறது. பல பாட்டுகள் ரசிகருக்காக இல்லாமல் நடுவருக்காக எழுதப்படுகின்றன. ரேடியோவில் வராத பாட்டை, போட்டி மேடையில்தான் பலர் முதல் முறையாகக் கேட்கிறார்கள். சில பாட்டுகளில் கிண்டல் போய் உபதேசம்தான் மிஞ்சுகிறது.

ஆனால் கலிப்சோ தன்னையே திருத்திக்கொண்ட வரலாறும் உண்டு. 1956-ல் பட்டம் வென்ற மைட்டி ஸ்பாரோவுக்குக் கிடைத்த பரிசு வெறும் 40 டாலர். கார்னிவல் அழகிக்கு அதைவிடப் பல மடங்கு. அடுத்த ஆண்டு அவர் போட்டியைப் புறக்கணித்தார், அதையும் பாட்டாக்கினார். பெண்களை மட்டம் தட்டும் பாட்டுகள் நிறைந்த அந்த மேடையில் 1978-ல் கலிப்சோ ரோஸ் வென்றார். 'கலிப்சோ கிங்' பட்டத்தின் பெயரையே 'கலிப்சோ மோனார்க்' என்று மாற்ற வேண்டியதாயிற்று. 2024-ல் அதே பட்டத்தை வென்றவர் மஷேல் மோன்டானோ, சோகாவின் சூப்பர் ஸ்டார்! இரண்டுக்கும் நடுவே சுவர் எதுவும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

போகிறவர் என்ன செய்யலாம்?

ஃபெட்டுக்கு உடம்பில் தெம்பு இருந்தால் போதும். கூடாரத்துக்குக் கொஞ்சம் ஹோம்வொர்க் வேண்டும். பாட்டுகள் டிரினிடாட் பேச்சு வழக்கில் இருக்கும், உள்ளூர் அரசியல் தெரியாவிட்டால் பாதி ஜோக் புரியாது. போவதற்கு முன் அந்த வாரத்து உள்ளூர்ச் செய்திகளை மேய்ந்துவிட்டுப் போனாலே பெரிய உதவி. அதற்கப்புறமும் புரியாவிட்டால், பக்கத்து சீட்காரரைக் கேட்கலாம்.

சோகாவுக்கு ஆளில்லாமல் போகப்போவதில்லை. கூடாரத்துக்குத்தான் ஆள் வேண்டும். கேட்க ஆளில்லாத ஊரில் அதிகாரத்தைக் கிண்டலடிக்கத் தடைச் சட்டமே தேவையில்லை, காலி நாற்காலிகளே போதும். ஆடுவதற்கு ஒரு ராத்திரி ஒதுக்குகிறவர், கேட்பதற்கும் ஒரு ராத்திரி ஒதுக்கலாம். டிக்கெட் விலை குறைவு. ஊருக்குத் திரும்பிய பிறகு சொல்லிச் சிரிக்க விஷயம் அங்கேதான் அதிகம் கிடைக்கும்.