தெப்பக்காட்டு யானையும் நமது தேகமும்

நீலகிரியின் வடசரிவில், மாயாற்றங்கரையில், முதுமலைக் காட்டினுள்ளே அமைந்திருக்கும் தெப்பக்காட்டு யானை முகாமுக்குச் சென்று வந்தவர்கள், அங்கே யானைகளுக்குத் தீனி அளிக்கும் காட்சியை எளிதில் மறந்துவிட மாட்டார்கள். கேழ்வரகுக் களியும், வேகவைத்த கொள்ளும், சோறும், சிறிது வெல்லமும் உப்பும் சேர்த்துப் பிசைந்த கவளங்கள், இந்த யானைக்கு இவ்வளவு என்று அளந்து வரிசையாக வைக்கப்படுகின்றன. அவ்வப்போது யானைகளை எடைமேடையில் நிறுத்தி நிறை பார்க்கிறார்கள். நிறை கூடினாலும் குறைந்தாலும் கால்நடை வைத்தியர் தீனியின் அளவை மாற்றுகிறார். தீனி முடிந்தால் காட்டிலே நடந்து மேயவேண்டியது யானையின் பொறுப்பு.

2003-ஆம் ஆண்டில் திருக்கோயில் யானைகளுக்கென்று புத்துணர்வு முகாம் ஒன்றைச் சர்க்கார் தொடங்கியபோது, அதை முதன்முதலாக நடத்தியதும் முதுமலையில்தான். கோயில் யானையின் நிலை யாவரும் அறிந்ததே. நாள் முழுதும் கல்தரையில் நின்ற இடத்திலே நின்று, பக்தர்கள் அன்போடு நீட்டும் பழத்தையும் பொங்கலையும் தின்று, உடல் பருத்துக் கால் நொந்து வாழ்கிறது அது. அதற்கு முகாமில் அளித்த சிகிச்சை என்ன? காலையும் மாலையும் நடை, அளவான தீனி, ஆற்றுநீரில் குளியல். (யானைகளை லாரியில் ஏற்றி இறக்கி இவ்விதம் கொண்டுபோவது தகுமா என்ற விவாதம் வேறு; அதனுள் இப்போது நாம் புகவில்லை.) நின்ற இடத்தில் நின்று தின்னும் ஜீவனுக்கு நடையும் நிறைக்குறைப்பும் மருந்து என்பதைச் சர்க்கார் ஒப்புக்கொண்டார்கள் என்பதே நாம் குறிப்பிட விரும்புவது.

யானைக்குக் கிடைத்த இந்த நியாயம் மனிதனுக்கு எப்போது கிடைக்கும் என்று கேட்கிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடெங்கும் நடத்தப்பட்ட கணக்கெடுப்பின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. நமது தேசத்தில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது மதிப்பிட்டது. அதைவிட முக்கியமானது மற்றோர் எண்: இன்னும் 13.6 கோடிப் பேர் நீரிழிவின் வாசற்படியில் நிற்கிறார்கள். அவர்களுடைய இரத்தத்தில் சர்க்கரை இயல்புக்கு மேற்பட்டிருக்கிறது. ஆயினும் வியாதி என்று சொல்லும் அளவை எட்டவில்லை. உள்ளே விழுவதும் வெளியே திரும்புவதும் இன்னமும் அவர்கள் கையில் இருக்கிறது. ஆனால் தாங்கள் அந்தப் படியில் நிற்பதையே அவர்களில் பெரும்பாலோர் அறியார்.

சர்க்கரை ஏன் ஏறுகிறது? உண்ட உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையைத் தசைகளுக்குள்ளே செலுத்துவது, கணையம் சுரக்கும் இன்சுலின். வயிற்றினுள்ளும் கல்லீரலிலும் கொழுப்புச் சேரச் சேர, இன்சுலினுக்கு உடல் செவிசாய்ப்பது குறைகிறது. கணையம் மேலும் மேலும் சுரந்து பார்த்து, முடிவில் களைத்துப்போகிறது. நடக்கும்போதோ, சுமை தூக்கும்போதோ, சுருங்கி விரியும் தசை இன்சுலினின் உதவி அதிகம் இல்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. தேகாப்பியாசத்தின் இரகசியம் இதுதான். இந்தப் பயன் ஓரிரு நாளுக்கு மேல் நிலைப்பதில்லை. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் பத்து மைல் நடந்துவிட்டு மற்ற ஆறு நாளும் நாற்காலியில் சாய்ந்திருப்பவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கிறார். உணவுண்டபின் கால்மணி நேரம் உலாவுவதுகூட ஏறும் சர்க்கரையைக் கீழே இறக்குகிறது. சிறு பிராயத்திலேயே கணையம் இன்சுலினைச் சுரக்காமற்போகும் வேறொரு வகை நீரிழிவு உண்டு. அது சோம்பலால் வருவதன்று. அக்குழந்தைகளையும் பெற்றோரையும் குறைகூறுவது அநியாயம்.

மேனாட்டார் சொன்னார்கள் என்பதற்காக இதை நம்பவேண்டியதில்லை. 1948-இல் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிய நமது சென்னை மாநகரிலேயே இது சோதித்து நிலைநாட்டப்பட்டது. டாக்டர் ஏ. இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும், நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான யோசனை மட்டும். ஒரு பிரிவினருக்கு நடையும் உணவுக் கட்டுப்பாடும். மூன்றாம் பிரிவினருக்கு மெட்பார்மின் மாத்திரை. நான்காம் பிரிவினருக்கு இரண்டும். 2006-இல் முடிவு வெளியாயிற்று. சும்மா விடப்பட்டவர்களில், மூன்றாண்டுக் கணக்கில், நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்காரர்களாகிவிட்டனர். நடையையும் உணவையும் சீர்செய்தவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. மாத்திரை மட்டும் உண்டவர்களில் 40 அல்லது 41. இரண்டையும் கைக்கொண்டவர்களிலும் ஏறக்குறைய அதே 39 தான். அதாவது தினம் அரைமணி நேர நடை மாத்திரைக்கு நிகராக நின்றது. நடப்பவருக்கு மாத்திரை புதிதாக எதையும் கூட்டிக்கொடுக்கவில்லை! இதில் மற்றொரு விசேஷமும் உண்டு. நடந்தவர்களின் உடல்நிறை குறிப்பிடத்தக்க அளவில் குறையவே இல்லை; குறையாமலே இப்பயன் விளைந்தது. 'ஒரு மாதமாக நடக்கிறேன், ஒரு ராத்தலும் குறையவில்லை' என்று சலித்துக் காலணியைக் கழற்றி எறிபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

நிறை குறைந்தால் பயன் பின்னும் பெருகுகிறது. அமெரிக்காவில் 3,234 பேரைக்கொண்டு நடந்து, 2002-இல் முடிவு வெளியான பெரும் சோதனையில், நிறையில் நூற்றுக்கு ஏழு பங்கைக் குறைப்பதும், வாரத்தில் 150 நிமிஷம் விரைந்து நடப்பதும் இலக்காக வைக்கப்பட்டன. நீரிழிவு வரும் வேகம் 58 சதவிகிதம் தணிந்தது. 70 கிலோ உள்ளவருக்கு ஏழு பங்கென்பது ஐந்து கிலோவுக்கும் குறைவே. நம்மவர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். வெள்ளையருக்குப் பருமன் என்று வகுத்த அளவு நமக்குப் பொருந்தாது. கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்தள்ளி நிற்கும் தேகம் நம்மிடையே சாதாரணம். தொந்தி செல்வத்தின் அடையாளம் என்று அதைப் பாராட்டுவதும் சாதாரணம். ஆண்களுக்கு 90 செண்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 செண்டிமீட்டருக்கும் மேல் இடுப்பளவு போனால், நிறை எதுவாயினும் இரத்தத்தைச் சோதிப்பதே விவேகம்.

இந்த இடத்தில் பொதுஊழியர்களாகிய நேயர்களிடம் சற்று உரிமையோடு பேச விரும்புகிறோம். 1930-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியம் வரையில் ராஜாஜியின் பின்னால் கால்நடையாய்ச் சென்ற தொண்டர்களின் மரபில் வந்தவர்கள் என்று மேடையில் பெருமை பேசுகிறோம். பேசி முடித்ததும் மேடைக்கும் மோட்டாருக்கும் இடையே உள்ள பத்தடியைத் தவிர வேறு நடை நமக்கு இல்லை. சென்ற ஊரிலெல்லாம் சர்க்கரை ததும்பும் தேநீர், நள்ளிரவில் கனத்த விருந்து, பிறகு உறக்கம். நாற்பது பிராயத்துக்குள் நீரிழிவுக்கு ஆளாகி, ஐம்பதில் கண்ணும் சிறுநீரகமும் பழுதுபட்டு ஓய்ந்துபோகும் ஊழியன் தன் குடும்பத்துக்கும் பயன்படான், தான் கொண்ட கொள்கைக்கும் பயன்படான்.

'நாள் முழுதும் உழைப்பவனுக்குத் தேகாப்பியாசத்தைப் போதிப்பது பரிகாசமல்லவா?' என்று சிலர் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் நேர்மையானதே. கூனூரிலும் கோத்தகிரியிலும் சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு நாம் நடைப்பயிற்சி கற்பிக்கப் புறப்படவில்லை. சென்னைச் சோதனையிலும், ஏற்கெனவே உடலுழைப்பும் நடையும் உள்ளவர்களை அதையே தொடரும்படிதான் சொன்னார்கள். ஆனால் அவளுடைய மகன் கூடலூர்க் கடையில் நாள் முழுதும் கல்லாவில் அமர்ந்திருக்கிறான். அவளுடைய கணவன் வாடகைக் கார் ஓட்டுகிறான். உழைப்பு மாறிவிட்டது, தட்டில் விழும் சோற்றின் குவியல் மாறவில்லை. தெப்பக்காட்டைச் சுற்றியுள்ள குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடியினரின் உணவிலும், காட்டுக் கிழங்கும் கீரையும் சிறுதானியமும் இருந்த இடத்தைப் பங்கீட்டுக் கடை அரிசி பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. 2023-இல் நீலகிரி, தருமபுரி ஜில்லாக்களில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கிய சர்க்காரின் செயலை வரவேற்கிறோம். எனினும் கேழ்வரகு ஒரு மருந்தன்று. மாவாக்கிக் களி கிண்டி வயிறு முட்ட உண்டால் அதுவும் சர்க்கரையை ஏற்றவே செய்யும். யானைக்கே கவளத்தை எண்ணித்தான் வைக்கிறார்கள்.

தெப்பக்காட்டில் இன்னொரு தடை இருக்கிறது. நகரவாசிகள் நடப்பதற்கு உகந்ததென்று கொள்ளும் அதிகாலையும் அந்திப்பொழுதும், அங்கே காட்டுயானையும் புலியும் உலவும் நேரம். அவ்வூராரைப் பார்த்து 'விடியுமுன் எழுந்து நட' என்பது விபரீதமான வைத்தியமாகும். வெளிச்சம் உள்ள வேளையில் பள்ளிக்கூட மைதானத்தைத் திறந்துவிடுவதும், வீட்டுக்குள்ளேயே அமர்ந்தெழுதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல் போன்ற பயிற்சிகளைக் கற்பிப்பதும் அங்கே பொருந்தும்.

சோதனை விஷயத்திலும் இம்மலைக்குத் தனிக் கவனம் வேண்டும். அரிவாள் வடிவமாக மாறும் இரத்த அணுக்கள் நமது தேசத்தில் உண்டென்பது முதலில் தெரியவந்ததே, 1952-இல் லேமன், கட்புஷ் என்ற ஆராய்ச்சியாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தைச் சோதித்தபோதுதான். அத்தகைய இரத்தம் உள்ளவர்களுக்கு, 'மூன்று மாதச் சராசரி' என்று வழங்கும் சர்க்கரைச் சோதனை உண்மையைக் குறைத்துக் காட்டக்கூடும். ஆகவே இங்கே வெறும் வயிற்றிலும், 75 கிராம் குளுகோஸ் அருந்தி இரண்டு மணி நேரம் சென்ற பின்பும், இரத்தத்தை நேராகச் சோதிப்பதே முறை. இரண்டாவது சோதனையில் 140-க்கும் 199-க்கும் இடைப்பட்ட எண் வருமானால், அவர் வாசற்படியில் நிற்கிறார் என்று பொருள்.

ஏற்கெனவே மருந்துண்பவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூர எறிந்துவிடவேண்டாம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கணையத்தைத் தூண்டும் மாத்திரை உண்பவர்களும் திடீரென்று மிகுதியாய் நடந்தால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்து மயக்கம் நேரலாம். வைத்தியரைக் கலந்துகொண்டே தொடங்கவேண்டும். சட்டைப்பையில் சிறிது சர்க்கரை இருக்கட்டும். பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்கள் வெறுங்காலோடு நடப்பது கூடாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம், நோயாளியின் வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுபோயிற்று. அதன் நன்மையை நாம் மறுக்கவில்லை. 2023 நவம்பரில் ஜில்லாதோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை ஒன்றைக் குறித்து விளம்பரமும் செய்தார்கள். ஆனால் மாத்திரை பெறுவோரின் கணக்கு மட்டும் இருந்தால் போதாது. வாசற்படியில் நிற்போரின் கணக்கும் வேண்டும். முப்பது பிராயம் கடந்த ஒவ்வொருவரின் இடுப்பளவும் சர்க்கரையும் கிராமந்தோறும் ஓர் ஏட்டில் பதியப்படட்டும். வரம்பில் நிற்பவர்களைச் சுகாதார ஊழியர் மாதம் ஒருமுறை சந்தித்து, நடை எவ்வளவு, நிறை எவ்வளவு என்று கேட்டு எழுதட்டும். அந்த ஊழியருக்கு இதற்குரிய நேரமும் ஊதியமும் ஒதுக்கப்படட்டும். ஒவ்வொரு ஜில்லாவிலும் வாசற்படியிலிருந்து உள்ளே விழுந்தவர் எத்தனை பேர், திரும்பியவர் எத்தனை பேர் என்ற கணக்கை வரவுசெலவுத் திட்டத்தோடு சேர்த்து ஆண்டுதோறும் சட்டசபையில் வைக்கும்படி சுகாதார மந்திரியைக் கேட்டுக்கொள்கிறோம். தெப்பக்காட்டு யானைகளுக்கு அத்தகைய ஏடு இருக்கும்போது, அவற்றுக்குக் கவளம் உருட்டும் மாவுத்தர்களுக்கும் காவடிகளுக்கும் அது இல்லையென்று சொல்லச் சர்க்காருக்கு என்ன காரணம் இருக்கக்கூடும்?