கேட்கிறவரும் சபையார்தான்

உத்திரமேரூர் என்றாலே குடவோலைக் கல்வெட்டுதான் நினைவுக்கு வரும். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட அந்த ஊர்ச் சபைத் தேர்தல் விதிகளில் ஒன்று இன்றைக்கும் நமக்கு வேண்டியது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரின் பெயர் மறுபடி குடத்தில் விழக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் கூடாது. பதில் சொல்லாமல் நழுவுவதையே அந்தச் சபை குற்றமாக எண்ணியது.

அது நிலமுள்ள பிராமணர்களின் சபை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வயலில் உழைத்த சேரி மக்களுக்கு அங்கே ஓலை கிடையாது. இந்த வட்டாரத்துக் கிறிஸ்தவ ஆலயங்களில் இன்று பாய் விரித்து உட்காருகிறவர்களில் பலர் அந்த மக்களின் வழிவந்தவர்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துச் சேரிகளில் கிறிஸ்தவம் வேர்பிடித்தபோதே ஒரு கேள்வியும் கூட வந்தது. செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷன் பாதிரியார் ஆடம் ஆண்ட்ரூவும், திருவள்ளூர்ப் பக்கம் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடியும், உழுகிறவனுக்கு ஏன் ஒரு துண்டு நிலம்கூட இல்லை என்று அரசைத் துளைத்தார்கள். 1891-ல் கலெக்டர் டிரமென்ஹீர் செங்கல்பட்டு மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். 1892-ல் பஞ்சமி நிலத்துக்கு வழிசெய்த அரசாணை வந்தது. இப்படிக் கேட்டு வளர்ந்த சபைகளில், இன்று ஒரு வாலிபப் பிள்ளை எழுந்து ஏதாவது கேட்டால் "பின்வாங்கிப் போய்விட்டான்" என்று முத்திரை குத்துகிறோம். எனக்கு இது வலிக்கிறது.

அந்தப் பிள்ளைகள் கேட்பவை அற்பமானவை அல்ல. உபவாசமிருந்து ஜெபித்தும் அம்மா ஏன் பிழைக்கவில்லை? ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறவர்களுக்குக் கல்லறை மட்டும் ஏன் தனித்தனி? கல்லூரியில் படித்த பரிணாமத்தையும் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது? காணிக்கைக் கணக்கைக் கேட்டால் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

இப்படிக் கேட்ட சீடர் ஒருவரின் நினைவு நம் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னைப் பரங்கிமலை முன்பு இந்த மாவட்டத்தில்தான் இருந்தது. தோமா அங்கே இரத்தசாட்சியாக மரித்தார் என்பது நம் மரபு. அவரைச் சந்தேகத் தோமா என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் லாசருவைப் பார்க்க இயேசு ஆபத்தான யூதேயாவுக்குப் புறப்பட்டபோது, அவரோடு நாமும் போய்ச் சாவோம் என்று சொன்ன சீடனும் அதே தோமாதான். உயிர்த்தெழுதலை நம்ப மாட்டேன் என்று அவர் சொன்ன பிறகு எட்டு நாள் கழிகிறது. அந்த எட்டாம் நாளும் அவர் மற்றச் சீடர்களோடு அதே வீட்டில் இருக்கிறார். அவரும் வெளியேறவில்லை, அவர்களும் வெளியேற்றவில்லை. யோவான் எழுதிய சுவிசேஷத்தில் நான் திரும்பத் திரும்ப வாசிக்கும் இடம் இது. அந்த எட்டு நாளும் அவரைத் தங்களோடு வைத்திருந்த பத்துப் பேரின் பொறுமைக்கும் தோமா பிறகு அடைந்த விசுவாசத்தில் பங்கு உண்டு.

அந்தப் பொறுமை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு விழுப்புரம் பக்கத்து எறையூர் சாட்சி. அங்கே தலித் கத்தோலிக்கர் சம உரிமைக்காக எழுப்பிய கேள்விக்கு நெடுங்காலம் பதில் கிடைக்கவில்லை. 2008 மார்ச்சில் கலவரம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டு, தலித் மேம்பாட்டுக்கென இந்திய ஆயர் பேரவை தனிக் கொள்கை வெளியிட்டது 2016-ல். எறையூரில் கேட்டவர்கள் சபைக்குள் இருந்துகொண்டுதான் கேட்டார்கள். சபையை விட்டுவிட்டவருக்கு இப்படிப் போராட வேண்டிய தேவையே இல்லையே. மதுரை இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த பரட்டை என்ற தியோபிலஸ் அப்பாவும் இப்படி உள்ளேயே இருந்து, பறை ஏன் ஆலயத்துக்குள் வரக் கூடாது என்று கேட்டவர். கேட்டதோடு நிற்காமல் கிராமிய இசையிலேயே ஒரு வழிபாட்டு முறையை ஆக்கித் தந்தார். கடைசிவரை அவர் தென்னிந்தியத் திருச்சபையின் குருவானவர்தான்.

ஆகவே கேள்விக்கு இடம் கொடுக்கும் பொறுப்பை ஆயர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. எனக்குத் தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம் என்று அவர் பிரசங்க பீடத்திலிருந்தே சொல்லலாம்; அதனால் அவர் மதிப்புக் குறையாது. மூப்பர்கள் வரவு செலவை ஆண்டுக்கொருமுறை ஆலயத்தில் சத்தமாக வாசிக்கட்டும். பிள்ளை கேட்டதைத் தாய் தகப்பன் அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்கிற இளைஞருக்கும் கடமை உண்டு: கைப்பேசியில் கோபத்தைக் கொட்டிவிட்டுப் போகாமல், பதில் வரும்வரை ஞாயிறுதோறும் வந்து உட்கார வேண்டும், அசனத்தில் சேர்ந்து பரிமாற வேண்டும்.

திடப்படுத்தல் வகுப்பிலிருந்தே தொடங்கலாம். மனப்பாடம் ஒப்பிப்பதோடு, ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு விளங்காத ஒன்றை எழுதிக் கொடுக்கட்டும். அவற்றைக் குருசேகரக் கமிட்டி பதிவேட்டில் ஏற்றி, பதில் கிடைக்காதவற்றை அடுத்த ஆண்டுக்கும் எடுத்துச் செல்லட்டும். கேள்வி கேட்டதற்காக யாருக்கும் திருவிருந்தோ கல்யாண ஓலையோ கல்லறை இடமோ மறுக்கப்படாது என்ற தீர்மானமும் அதே பதிவேட்டில், சபையார் அனைவரின் கையெழுத்தோடு, முதல் பக்கத்தில் இருக்கட்டும்.