எடைக்குப் போடலாமா பழைய வாளை?

பேனா நிப்புக்குப் பெயர் போன ஊர் சாத்தூர். விரல் நுனி அளவுத் தகட்டில் எழுத்துப் பொறித்த ஊர் அது. அந்த ஊர்க்காரர்கள் வீட்டுப் பரணில் பழைய வாளோ குத்துவாளோ கிடந்தால், அதையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். இரும்புக் கடைக்குத் தூக்கிக் கொண்டு ஓடக் கூடாது.

முதலில் எதைப் பார்ப்பது? அலகை அல்ல, பிடியையும், கையைக் காக்கும் தகட்டையும்!

அலகு கடல் கடந்தும் வரும். ஐரோப்பிய வாள் அலகுகளை வாங்கி நம் நாட்டுப் பிடியில் பொருத்துவது அக்கால வழக்கம். தஞ்சாவூர்க் கட்டாரிகள் பலவற்றில் இதைக் காணலாம். அலகை மட்டும் பார்த்தவர் வெள்ளைக்காரன் ஆயுதம் என்று ஏமாந்து போவார். பிடியோ பிறந்த நாட்டைக் காட்டிக் கொடுத்துவிடும். இரு பக்கமும் நீண்ட கம்பி, நடுவே குறுக்குப் பிடி, புறங்கையை மூடிக் கப்பல் பாய் போல் வளைந்த தகடு, ஓரத்தில் பூவேலை, யாளித் தலை. இத்தனையும் சேர்ந்திருந்தால் அது தென்னாட்டு வேலை.

ஜப்பானியர் இந்தக் கலையில் கெட்டிக்காரர்கள். அவர்களுடைய வாளின் காப்புத் தகட்டுக்கு 'சுபா' என்று பெயர். நடுவே வாள் நுழையும் துளை. துளைக்குப் பக்கத்தில் செய்தவர் தம் பெயரைப் பொறிப்பதும் உண்டு. 1876-ல் பொது இடங்களில் வாள் அணிவதை அந்நாட்டு அரசு தடை செய்தது. வாளுக்கு வேலை போயிற்று. தகட்டுக்கு மதிப்புப் போகவில்லை. இன்றும் அதைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள்.

தஞ்சையில் என்ன நடந்தது? 1855-ல் மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அரண்மனை ஆயுதங்கள் ஆங்கிலேயர் கைக்குப் போயின. 1860-களில் சிலவற்றைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு எடுத்து வைத்தார்கள். மற்றவற்றை உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள்! எழும்பூரில் இன்று இருப்பவை அப்படித் தப்பியவை.

அந்தக் கொடுமையை நம் வீட்டிலும் செய்யலாமா?

பழைய வாளைப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. துருவோடு பூச்சும் எழுத்தும் போய்விடும். மண்ணுக்குள் புதைந்து கிடந்த பொருள் கிடைத்தால், 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் அது. நூறு வயது தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

பரணில் இருப்பது என்னவென்று தெரியவில்லையா? விருதுநகரிலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. சாத்தூரிலிருந்து பஸ் ஏறினால் போதும்.