கெடு முடிந்தாலும் உரிமை உண்டு

ஒப்பந்த வேலையில் கெடு முடிந்து, மறுபடியும் நீட்டிக்காவிட்டால், எல்லாம் முடிந்ததென்று பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுகிறோம் அல்லவா? டில்லியில் ஒரு லேடி டாக்டர் அப்படி வந்துவிடவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒப்பந்த வேலை. 2017 ஜூன் 11-ந் தேதியோடு கெடு முடிகிறது. பிரசவத்துக்காக ஜூன் 1 முதல் லீவு கேட்டார். 11 நாளுக்குத்தான் சலுகை என்று நிர்வாகம் கையை விரித்தது. பிள்ளை பிறப்பது ஒப்பந்தத் தேதியைப் பார்த்தா?

மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போனார், தோல்வி. 2019-ல் ஹைகோர்ட்டிலும் தோல்வி. சளைக்காமல் சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் செய்தார். 2023 ஆகஸ்டில் ஜயித்தார்! 1961-ம் வருஷத்துப் பிரசவச் சலுகைச் சட்டம் கேட்டதெல்லாம், பிரசவத்துக்கு முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பதுதான். அப்படிச் செய்தவருக்கு ஒப்பந்தம் முடிந்த பிறகும் சலுகை உண்டு, 3 மாதத்துக்குள் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. கோர்ட்டு வேலையை நீட்டிக்கவில்லை; சேரவேண்டியதை வாங்கிக் கொடுத்தது.

ஆகவே சகோதரிகளே, நியமன உத்தரவையும் சம்பளச் சீட்டுகளையும் பீரோவில் பத்திரமாக வையுங்கள். தீர்ப்பு பாதகமாக வந்தால் அழுதுகொண்டு உட்காராமல், நாளைக் கடத்தாமல், வக்கீலைப் பாருங்கள். முதல் தீர்ப்பே முடிவான தீர்ப்பல்ல.