புள்ளியும் கறையும்

பழைய கட்டுரைத் தொகுதி ஒன்றின் மறுபதிப்புக்காகப் பிழைதிருத்திக்கொண்டிருந்தேன். ‘பல நாள்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘பல் நாள்’ என்றிருந்தது. ‘பல்நாள்’ பழந்தமிழுக்கு அந்நியமான வழக்கு அன்று. ஆசிரியர் வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கக்கூடுமோ என்று சற்று நேரம் மயங்கினேன். பிறகு, சுற்றியிருந்த நடைக்கு அது ஒட்டவில்லை என்று முடிவுசெய்து, புள்ளியை மட்டும் அழிப்பதற்காக விசையைத் தட்டினேன். போனது புள்ளி அன்று, லகரம். எழுத்து மறைந்த வெற்றிடத்தின் மேல் புள்ளி மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது. பக்கத்தை மேலே நகர்த்தினேன். வரிகள் நகர்ந்தன, புள்ளி நகரவில்லை. அது ஆசிரியருடையதும் அன்று, அச்சுக்கோத்தவருடையதும் அன்று. என் மடிக்கணினித் திரையுடையது.

ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் இல்லை. சுவடிகளை அச்சேற்றிய பதிப்பாசிரியர்கள் இல்லாத புள்ளியை ஊகித்து இடவேண்டியிருந்தது. எனக்கோ இருக்கிற புள்ளியை இல்லையென்று கொள்ளவேண்டிய நிலை. வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். சில மாதங்கள் கழித்துத் திரையின் இடது கீழ்மூலையில் உள்ளங்கையளவு கருநிழல் ஒன்று படர்ந்தபோது வேடிக்கை தீர்ந்தது.

உத்தரவாதக் காலம் முடியவில்லை. எனவே கணினியை நிறுவனத்தின் சேவை மையத்துக்கு எடுத்துச்சென்றேன். முகப்பில் இருந்த இளைஞர் திரையை ஒருமுறை பார்த்தார். சோதனை என்று எதுவும் இல்லை. படிவத்தில் ‘பிசிகல் டேமேஜ்’ என்று எழுதினார். புள்ளிக்கும் அதே சொல், நிழலுக்கும் அதே சொல். உத்தரவாதம் செல்லாது. மேல்மூடி முழுவதையும் மாற்றவேண்டும். அதற்கான தொகை புதுக் கணினியின் விலையில் பாதிக்கும் மேல். “இதுக்குப் புதுசே வாங்கிடலாம் சார்” என்று அன்போடுதான் சொன்னார்.

அந்த அன்பைப் பற்றித்தான் எழுதவேண்டும் என்று தோன்றியது. இலக்கியம் பேசும் இடத்தில் திரைக்கறைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம்மில் பலர் படிப்பதும் எழுதுவதும் இந்தச் சதுரத்தில்தான். அதில் விழும் கறையைப் பெயர் சொல்லிப் பிரித்தறிய ஒருவரும் முன்வராதது வாசகனின் பிரச்சினையும்கூட என்பது என் கட்சி.

*

திரை என்று நாம் சொல்வது ஒற்றைக் கண்ணாடி அன்று, பல அடுக்குகள். எல்லாவற்றுக்கும் பின்னே ஒளியைத் திருப்பியனுப்பும் வெள்ளைத்தாள். அதன்மேல் ஒளியைப் பரப்பும் ஒரு பிளாஸ்டிக் பலகை. பெரும்பாலான மடிக்கணினிகளில் அந்தப் பலகையின் கீழ்விளிம்பை ஒட்டிச் சிறு எல்.இ.டி. விளக்குகள் வரிசையாக இருக்கும். பலகைமீது ஒளியைச் சமன்செய்யும் மெல்லிய தாள்கள். இவற்றுக்கும் முன்னால், இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே, தலைமயிரின் பருமனைவிடப் பன்மடங்கு குறுகிய இடைவெளியில், திரவப் படிகம். திரவப் படிகம் தானாக ஒளிர்வதில்லை. பின்னாலிருந்து வரும் ஒளிக்குக் கதவாக நிற்பதே அதன் வேலை. 1366-க்கு 768 என்ற அளவுள்ள என் திரையில் 10,49,088 புள்ளிகள், ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கதவுகள். ஆக 31 லட்சத்துக்கும் மேற்பட்ட கதவுகள்.

ஆகவே, திரையில் ஓரிடம் கறுத்திருந்தால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: கதவு திறக்கவில்லையா, விளக்கின் ஒளி வந்துசேரவில்லையா? முன்னதன் நோய் வேறு, பின்னதன் நோய் வேறு. மருந்தும் செலவும் வேறு.

இந்தத் திரவப் படிகத்தின் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1888-ல் பிராகில் இருந்த தாவரவியலாளர் பிரீட்ரிக் ரைனிட்சர், கொலஸ்ட்ராலில் இருந்து கிடைத்த ஒரு பொருளைச் சூடாக்கினார். 145.5 பாகையில் அது உருகிக் கலங்கலான நீர்மமாயிற்று. 178.5 பாகையில் அந்தக் கலங்கல் நீங்கித் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா? பொருளில் அழுக்கு கலந்திருக்கிறது என்று சொல்லிக் கொட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அதைச் செய்யாமல் இயற்பியலாளர் ஓட்டோ லேமனுக்கு எழுதிக் கேட்டார். அந்தக் கலங்கல் அழுக்கு அன்று, பொருளின் தனியொரு நிலை என்பது அப்படித்தான் தெரியவந்தது. இன்று நம் மேசைமீதிருக்கும் திரை, கறையை அழுக்கென்று தள்ளிவிடாத ஒருவரின் பொறுமையில் பிறந்தது.

*

சேவை மையத்திலிருந்து நேராக ரிச்சி தெருவுக்குப் போனேன். சென்னையில் மின்னணுச் சாமான்களோடு பழகியவர்களுக்கு அந்தத் தெருவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மாடிப்படியின் கீழ் அடங்கிய ஒரு கடையில், தலைநரைத்த மெக்கானிக் ஒருவர் என் கணினியை வாங்கிவைத்துக்கொண்டு பத்து நிமிடம் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். வீட்டில் யாரும் செய்து பார்க்கக்கூடியவை அவை.

முதலில், அணைத்த திரையை லேசாக ஈரமாக்கிய மென்துணியால் துடைத்தார். வெளிப்பரப்பின் அழுக்காக இருந்தால் அதோடு கதை முடிந்தது. அடுத்து, கணினியை முடுக்கி, இயங்குதளம் எழும் முன்பே தோன்றும் நிறுவனச் சின்னத்தின்போது நிழல் தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தது. ஆகவே மென்பொருளில் கோளாறு இல்லை. பிறகு எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாக வேறொரு திரையில் இணைத்தார். அங்கே படம் பழுதின்றி வந்தது. ஆகவே படத்தை உண்டாக்கும் சில்லிலும் குறையில்லை. திரையைப் படம்பிடித்துக் கோப்பாகச் சேமித்து, அதை வேறு கணினியில் திறந்து பார்ப்பதும் இதே உண்மையைச் சொல்லிவிடும்.

அடுத்தது நிறச்சோதனை. திரை முழுவதையும் வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று மாற்றி மாற்றி நிரப்பினார். என் ‘புள்ளி’ எல்லா நிறத்திலும் கறுப்பாகவே நின்றது. “இது செத்த பிக்சல், எழுப்ப முடியாது” என்றார். ஒரே நிறத்தில் பிடிவாதமாக ஒளிரும் புள்ளி வேறு வகை. நிறங்களை விரைந்து மாற்றிக்காட்டும் மென்பொருளை ஓடவிட்டால் அது சிலசமயம் இயல்புக்குத் திரும்பும். விரலால் அழுத்தினால் சரியாகிவிடும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அழுத்தம் பக்கத்துப் புள்ளிகளையும் கெடுத்துவிடக்கூடும் என்பதால் அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நிழலுக்கு வந்தபோது அவர் அதன் விளிம்பைத்தான் முதலில் பார்த்தார். மை கொட்டியதுபோல் விளிம்பு கூர்மையாக, எழுத்துகளை விழுங்கியபடி, நாளுக்குநாள் பெருகினால் உள்கண்ணாடி விரிசல் கண்டிருக்கிறது. பேனலை மாற்றுவதைத் தவிர வழியில்லை. கீழ்விளிம்பிலிருந்து விசிறிபோல நிழல் எழுந்தால் சில எல்.இ.டி.க்கள் அணைந்திருக்கலாம். திரை முழுவதும் இருண்டு, டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் பார்க்கையில் எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால் கதவுகள் நலமே, விளக்குதான் எரியவில்லை. மூடியைச் சாய்க்கும் கோணத்துக்கேற்ப நிழல் வந்துபோனால் கீல் வழியாகச் செல்லும் கேபிளைச் சந்தேகிக்கவேண்டும். ஓலெட் திரைகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது. உள்ளே ஈரமும் ஆக்ஸிஜனும் புகுந்தால் கறுமை படிப்படியாகப் பரவும்.

என்னுடையது இவற்றுள் எதுவும் இல்லை. வெள்ளைப் பக்கத்தில் நன்றாகத் தெரிந்தது, விளிம்பு உலர்ந்த காப்பிக்கறையின் விளிம்புபோல் அலையலையாக இருந்தது, அதன்மேல் ஓடிய எழுத்துகளோ கொஞ்சமும் சிதையவில்லை. மெக்கானிக் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “ஸ்ப்ரே எதாவது அடிச்சீங்களா சார்?”

அடித்திருந்தேன். ஆயுதபூஜைக்கு முதல்நாள் கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் திரைமீது நேராகத் தெளித்துத் துடைத்து, மறுநாள் சந்தனமும் குங்குமமும் இட்டவன் நான். வழிந்த திரவம் கீழ்ச்சட்டத்தின் இடுக்கில் இறங்கி, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் உள்தாள்களுக்கு இடையே ஏறி, உலர்ந்து கறையாகியிருந்தது.

*

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடவேண்டும். சேவை மையத்து இளைஞர் எழுதியது பொய்யன்று. சேதம் வெளியிலிருந்து வந்ததுதான், பிழை என்னுடையதுதான், உத்தரவாதத்தை மறுத்ததும் நியாயந்தான். என் குறை அதுவன்று. எதற்காக நான் பணம் கொடுக்கவேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை, சொல்வதற்கான சோதனையும் செய்யவில்லை. செத்த ஒரு புள்ளியும், தாளில் படிந்த ஒரு கறையும், உடைந்த ஒரு கண்ணாடியும் அந்தப் படிவத்தில் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. மூன்றுக்கும் தீர்ப்பு ஒன்றே. பழுதுக்குப் பெயரிட மறுப்பது அறியாமையன்று, வணிகம். பெயரிட்டால் விலை குறைந்துவிடும்.

அந்த இளைஞரைக் குற்றம்சாட்டிப் பயனில்லை. அவருக்குத் திறந்து பார்க்க அனுமதி இருந்திருக்காது. அவருக்கு வரும் உதிரிப்பாகமே முழு மேல்மூடியாகத்தான் வருகிறது. வடிவமைப்பிலேயே இந்த மறுப்பு தொடங்கிவிடுகிறது. 2016-ல் வெளியான மேக்புக் ப்ரோ கணினிகளில், மூடியைத் திறந்து மூடுவதால் ஒரு மெல்லிய கேபிள் தேய்ந்து, திரையின் அடியில் நாடகமேடை விளக்குப்போல வெளிச்சமும் நிழலும் மாறிமாறித் தெரிந்தன. தேய்ந்தது சிறு கேபிள். ஆனால் அது திரையோடு சேர்த்தே அமைக்கப்பட்டிருந்ததால் திரைத்தொகுதி முழுவதையும் மாற்றவேண்டியதாயிற்று. 2019 மே மாதத்தில்தான், அதுவும் 13 அங்குல மாடலுக்கு மட்டும், இலவசமாகச் சரிசெய்து தருவதாக ஆப்பிள் அறிவித்தது.

மாற்றம் வராமலில்லை. பிரான்ஸில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்களின்மீது, எவ்வளவு எளிதாகப் பழுதுநீக்கலாம் என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணிட்டு விற்கவேண்டும் என்று விதித்தார்கள். நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கெனத் தளமும் திறக்கப்பட்டது. நல்ல தொடக்கம், மறுக்கவில்லை. ஆனால் சேவை மையத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் கிடைப்பதனால் என்ன? அங்கே போய் நிற்கும்போது எழுதப்படும் அந்த ஒற்றைச் சொல் மாறவேண்டாமா?

நான் கேட்பவை மூன்று. என்னென்ன சோதனை செய்யப்பட்டது, எந்த அடுக்கில் என்ன பழுது என்று எழுத்தில் தரவேண்டும். பேனலின் மாடல் எண்ணையும் அதன் தனிவிலையையும் சொல்லவேண்டும். முழுத்தொகுதியை மாற்றத்தான் வேண்டுமென்றால் காரணம் கூறவேண்டும். மருத்துவரிடம் இதைவிடக் குறைவாகக் கேட்டுவிட்டு அறுவைக்கு ஒப்புக்கொள்பவர் உண்டா?

இது வசதியுள்ளவனின் மனத்தாங்கல் என்று தள்ளிவிடவும் முடியாது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கியது. பல வீடுகளில் அதுவே முதல் கணினி. எங்கள் தெருவில் அப்படி ஒன்று, திரையில் மை கொட்டியதுபோல் கறுத்ததும் ‘போயிடுச்சு’ என்று துணிசுற்றிப் பரணில் ஏறிவிட்டது. திரைதான் போயிருந்தது, கணினி போகவில்லை. ஒரு கம்பியால் வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்தாலே அந்தப் பெண் தன் படிப்பைத் தொடர்ந்திருக்கலாம் என்பதைச் சொல்ல ஆளில்லை.

*

ரிச்சி தெரு மெக்கானிக் இரண்டு வழிகளைச் சொன்னார். பேனலை மட்டும் மாற்றலாம். அதன் முதுகில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும், இணைப்பியில் 30 ஊசியா 40 ஊசியா என்பதையும் பார்த்து வாங்கினால் போதும். அல்லது, இருப்பதையே பிரித்துத் தாள்களைத் துடைக்கலாம். செலவு மிகக் குறைவு, ஆனால் தூசி புகும், கண்ணாடி உடையவும் கூடும், பொறுப்பேற்க முடியாது. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். அவர் முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றினார். மின்சாரம் இருக்கும்போதே திரைக்கம்பியைச் செருகினால் தாய்ப்பலகையில் பேக்லைட்டுக்கான ஃபியூஸ் போய்விடும் என்றார். பிறகு சட்டத்தை நெகிழ்த்தி, திருகுகளைக் கழற்றி, தாள்களை ஒவ்வொன்றாக விரித்தார். வீட்டில் முயலவேண்டிய காரியமன்று அது.

நிழல் போய்விட்டது. அதற்குப் பதிலாக இரண்டு தூசித் துகள்கள் நிரந்தரக் குடியேறிவிட்டன. செத்த புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கிறது. மூன்றின் இருப்பிடமும் எனக்கு மனப்பாடம். திரையில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற செருக்கோடு மறுபதிப்பு வேலையை முடித்துக்கொடுத்தேன்.

புத்தகம் வெளிவந்தபின் நண்பர் ஒருவர் அழைத்தார். ஓரிடத்தில் ‘சில’ என்பது ‘சில்’ என்று அச்சாகியிருக்கிறதாம். எடுத்துப் பார்த்தேன். அந்தப் புள்ளியைப் பிழைதிருத்தும்போதே பார்த்தது நினைவுக்கு வந்தது. திரையின் புள்ளி என்று கடந்துபோயிருக்கிறேன். பக்கத்தை ஒருமுறை நகர்த்திப் பார்த்திருந்தால் அதுவும் வரியோடு சேர்ந்து நகர்ந்திருக்கும்.

சோதித்துப் பார்க்காமல் படிவத்தை நிரப்புவதற்குச் சேவை மையத்தில் வேலைபார்க்க வேண்டிய அவசியம் இல்லை.