19 பேருக்கு எதுக்குச் சராசரி?

சின்ன விமானத்துல ஏறும்போது எடை பார்க்கணும்னு சொன்னா நம்மில் பலருக்குக் கோபம் வரும். பார்க்கணும்கிறதுதான் என் கட்சி.

2003 ஜனவரி 8, அமெரிக்காவின் சார்லட் நகரம். ஏர் மிட்வெஸ்ட் 5481, பீச்கிராஃப்ட் 1900டி, 19 பயணிகள். எடைக் கணக்குத் தாளில் எல்லாம் வரம்புக்குள். ஆனால் அது ஆளுக்கு இவ்வளவு என்ற சராசரியை வைத்துப் போட்ட கணக்கு. நிஜத்தில் எடை அதிகம், ஈர்ப்பு மையமும் எல்லை தாண்டி வால் பக்கம் போயிருந்தது. மூக்கு தூக்கியது. இறக்க எலிவேட்டர் போதுமான அளவு அசையவில்லை; பராமரிப்பில் அதன் கேபிளைத் தப்பாகச் சரிசெய்திருந்தார்கள். அதே தப்போடு 9 முறை பத்திரமாகப் பறந்த விமானம்தான். பத்தாவது முறை பாரமும் சேர்ந்துகொண்டது. 21 பேரும் இறந்தார்கள்.

180 பேர் என்றால் குண்டு, ஒல்லி எல்லாம் கலந்து சராசரி ஓரளவு ஒத்துப்போகும். 19 பேரில் அந்த விலகல் சுமார் 3 மடங்கு. வர்க்கமூலம் போட்டுப் பாருங்க.

விபத்துக்கு அப்புறம் இப்படிப்பட்ட விமானங்களின் பயணிகளை நிஜமாகவே எடை பார்த்தார்கள். கணக்கில் இருந்ததைவிட ஆளுக்குச் சராசரியாக 20 பவுண்டுக்கு மேல் கூடுதல்! உடனே சராசரியை ஏத்தினார்கள். சரி, தராசு இருக்கும்போது சராசரி எதுக்கு? நம்பர் பக்கத்துல நிக்கிறவருக்குத் தெரியாத மாதிரி திருப்பி வைங்க, நான் ஏறி நிக்கிறேன்.